ஒத்தாசை என்று எழுதாதீர்கள்

ஒரே பத்திரிகைக்கு இரண்டு தடவை விருது கொடுத்தார்கள். முதல் தடவை கொடுத்தபோது அதற்கு ஆசிரியர் ஒருவர். இரண்டாம் தடவை கொடுத்தபோது ஆசிரியர்கள் இருவர். இரண்டுக்கும் இடையே 24 ஆண்டுகள். பத்திரிகையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாற வழியும் இல்லை; அது நின்றுபோய் அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மாறியது கணக்குப் பார்த்தவர்களின் கண்.

பத்திரிகையின் பெயர் ‘வாய்ஸ் ஆஃப் தி இமேஜி-நேஷன்’. கற்பனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நடுவில் உடைத்து, அதற்குள் ஒளிந்திருக்கும் தேசத்தை வெளியே எடுத்துக் காட்டும் விளையாட்டுப் பெயர். கற்பனை தேசத்தின் குரல் என்று வைத்துக்கொள்ளலாம். ரசிகர்கள் சுருக்கி ‘வாம்’ என்றார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 1939 முதல் 1947 வரை வந்த அறிவியல் புனைகதை ரசிகர் இதழ். அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது 1953இல்தான் தொடங்கியது. அதற்கு முன் விருது இல்லாமல் போன ஆண்டுகளுக்குப் பிற்காலத்தில் பின்தேதியிட்டு வழங்கியதை ரெட்ரோ ஹ்யூகோ என்றார்கள். அந்த வகையில் 1945ஆம் ஆண்டு இதழ்களுக்காக இந்தப் பத்திரிகைக்கு 1996இல் விருது கிடைத்தது. பட்டியலில் ஆசிரியர்: ஃபாரஸ்ட் ஜே ஆக்கர்மேன். 1944ஆம் ஆண்டு இதழ்களுக்காக 2020இல் மறுபடியும் கிடைத்தது. பட்டியலில் ஆசிரியர்கள்: ஃபாரஸ்ட் ஜே ஆக்கர்மேன், மிர்ட்டில் ஆர். டக்ளஸ்.

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் இதழ்கள் இவை. ஒரே ஊர், ஒரே மேசை, அதே இரண்டு பேர். 1996இன் பட்டியலை எழுதியவர்களுக்கு அந்த மேசையில் ஒருவர்தான் தெரிந்தார்.

இந்தக் கட்டுரை மிர்ட்டில் டக்ளஸுக்கு அஞ்சலி அல்ல. அவர் 1964இலேயே இறந்துவிட்டார். நம்முடைய மலர்வளையம் அவருக்கு வேண்டியதில்லை. எனக்கு ஒரு சொல்லோடு சண்டை இருக்கிறது. ‘ஒத்தாசை’ என்பது அந்தச் சொல். உதவி, உறுதுணை, பக்கபலம், பின்னணி என்று அதற்குப் பல மாற்றுடைகள் உண்டு. ஆண் செய்தால் பதிப்பு, பெண் செய்தால் ஒத்தாசை என்று எழுதப்பட்ட ஒரு வரலாற்றை எடுத்து, அதன் தையலைப் பிரித்துக் காட்டுவதுதான் என் வேலை.

ரசிகர் இதழ் என்றால் என்ன என்பதிலிருந்து வருகிறேன். 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழை அமெரிக்காவில் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் என்று அதைச் சொல்வார்கள். விருதின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். அந்த இதழ் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு வெளியிட்டது. முகவரி கிடைத்ததும் வாசகர்கள் பத்திரிகையை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கடிதம் சங்கமாயிற்று, சங்கம் பத்திரிகை போட்டது. 1930 மே மாதம் சிகாகோவின் கடிதச் சங்கம் ஒன்று ‘தி காமெட்’ என்ற இதழை வெளியிட்டது. ரேமண்ட் பால்மர் அதன் ஆசிரியர். அறிவியல் புனைகதை ரசிகர் இதழ்களில் முதலாவது என்று பொதுவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1932இல் நியூயார்க்கில் ‘தி டைம் டிராவலர்’ வந்தது. இந்தவகை இதழ்களுக்கு ‘ஃபேன்சீன்’ என்ற பெயரை 1940இல்தான் லூயி ரஸ்ஸல் ஷோவனே சூட்டினார். பெயர் வைக்கும் முன்பே பத்து வயது ஆகிவிட்ட பிள்ளை அது.

1934இல் கெர்ன்ஸ்பேக் தொடங்கிய சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக் என்ற அமைப்புக்கு ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் கிளை அவற்றில் ஒன்று. அந்தக் கிளையின் இதழாக 1937 அக்டோபரில் வந்தது ‘இமேஜினேஷன்!’. பெயரிலேயே ஆச்சரியக்குறி. ஓராண்டில் 13 இதழ்கள். 1938 ஜனவரி இதழில் ஒரு பதினேழு வயதுப் பையனின் முதல் கதை அச்சேறியது. பையனின் பெயர் ரே பிராட்பரி. ‘ஃபாரன்ஹீட் 451’ எழுதிய அதே பிராட்பரிதான். இந்த இதழின் கடிதப் பகுதி வளர்ந்து தனி இதழாகப் பிரிந்தது. அதுதான் நான் முதலில் சொன்ன ‘வாம்’. ஏறத்தாழ 50 இதழ்கள் வந்தன. பக்கங்கள் பெரும்பாலும் வாசகர் கடிதங்கள். யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடலாம். எழுத்தாளர், வாசகர் என்ற படிநிலை இல்லாத ஒரு திண்ணை.

இந்த இரண்டு இதழ்களிலும் உழைத்த பெண் தன்னை ‘மொரோயோ’ என்று அழைத்துக்கொண்டார். உலகத்துக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்ற கனவில் உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவை அவர் கற்றிருந்தார். தன் பெயரின் முதலெழுத்துகளை அந்த மொழியில் ஒலித்து அடுக்கியபோது கிடைத்த பெயர் அது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘மொரோஜோ’ என்று வாசிக்கத் தோன்றும். எஸ்பெராண்டோவில் அந்த எழுத்துக்கு ‘ய’ ஒலி. தானே தைத்துப் போட்டுக்கொண்ட பெயர். எழுதுவதற்காகப் புனைபெயர் வைத்துக்கொண்ட பெண்களை நமக்குத் தெரியும். இவர் வாழ்வதற்கே ஒன்றை வைத்துக்கொண்டார்.

பிறகு எழுதிய பலருக்கு இவர் ‘ஆக்கர்மேனின் தோழி’. காதலி என்று நேரடியாகவும் எழுதினார்கள். அவர்கள் இருவருக்கும் இடையே அன்பு இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1937 அக்டோபரில் ‘இமேஜினேஷன்!’ முதல் இதழ் வந்தபோது மொரோயோவுக்கு வயது 33. ஆக்கர்மேனுக்கு 21கூட ஆகவில்லை. இந்த எண்களை அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். முப்பத்துமூன்று வயது ஆணும் இருபது வயதுப் பெண்ணும் சேர்ந்து ஒரு பத்திரிகை போட்டிருந்தால் வரலாறு எப்படி எழுதியிருக்கும்? அவர் குரு. அவர் வழிகாட்டி. அந்தப் பெண்ணை வளர்த்துவிட்டவர். எண்கள் நம் பக்கம் இருக்கும்போது மட்டும் குரு காணாமல் போகிறார், தோழி வந்துவிடுகிறாள்.

ஆக்கர்மேன் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க இந்தத் துறைக்காக அலைந்த மனிதர் அவர். அவர் பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ‘வாம்’ இதழைத் திறந்தால் இரண்டு பெயரும் இருக்கின்றன. இதழை நடத்தியவர்களே இருவர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிற்பாடு வந்தவர்கள்தான் ஒன்றை வாசித்து ஒன்றை விட்டார்கள்.

ஏன் விட்டார்கள்? வேலையின் தன்மையைப் பார்த்தால் புரியும்.

இந்த இதழ்கள் அச்சகத்தில் அடிக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்று சொல்கிறோமே, அந்த முறையில் வந்தவை. பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளை அந்த மை வாசத்தோடு கையில் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகு பூசிய மெல்லிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்ற வேண்டும். ரிப்பனை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். எழுத்துக் கட்டை மெழுகை வெட்டும். மெதுவாக அடித்தால் எழுத்து விழாது. ஓங்கி அடித்தால் ‘ஓ’ எழுத்தின் நடுவட்டம் பிய்ந்து விழுந்துவிடும். பிழை வந்தால் திருத்தும் திரவத்தைத் தடவி, காய விட்டு, மேலே மறுபடி அடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்டென்சில். இருபது பக்கத்துக்கு இருபது. பிறகு உருளையில் மாட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஈரம் காய்ந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் அடிக்க வேண்டும். பக்கங்களை மேசையைச் சுற்றி வரிசையாக அடுக்கிவைத்து, சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்க வேண்டும். பின் அடித்து, மடித்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டினால் ஒரு பிரதி முடிந்தது.

கடித இதழாக இருந்தால் இதோடு முடியாது. வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். எதைப் போடுவது, எதை வெட்டுவது, யாருடைய கடிதத்துக்கு அடுத்து யாருடையதை வைத்தால் விவாதம் சூடு பிடிக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்டென்சில் அடிக்கிறவர் கையெழுத்தைப் படித்து, வாக்கியத்தைச் சரிசெய்து, இடம் போதாவிட்டால் சுருக்கி அடிக்கிறார். அதாவது, அடிக்கும்போதே ஆசிரியர் வேலை நடக்கிறது. பெரிய பத்திரிகையில் ஆசிரியர் ஓர் அறையில் இருப்பார், தட்டச்சர் வேறோர் அறையில் இருப்பார். அங்கே கையையும் மூளையையும் பிரித்துச் சம்பளம் கொடுக்கலாம். ஒரே மேசையில் வெளிவரும் ரசிகர் இதழில் அந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை. இல்லாத அந்தச் சுவரை வரலாறு எழுத வந்தவர்கள் பின்னால் வந்து எழுப்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆசிரியர். இந்தப் பக்கம் ‘டைப் அடித்துக் கொடுத்தவள்’.

1942இல் ஆக்கர்மேன் ராணுவத்தில் சேர்ந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ‘வாம்’ நிற்கவில்லை. விருது பெற்ற 1944, 1945 இதழ்கள் அந்தப் போர்க்காலத்தின் இதழ்கள்தான். ஆசிரியர்களில் ஒருவர் சிப்பாய் உடுப்பில் இருந்த காலத்து இதழ்களுக்கு விருது தந்துவிட்டு, மற்றவரின் பெயரை 1996இல் மறக்க முடிந்திருக்கிறது. இதற்கு மறதி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறதி என்றால் சில நேரம் ஆண் பெயரும் விடுபட்டிருக்க வேண்டும்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு சிற்றிதழ் வெளிவரும் வீட்டுக்குப் போய்வருவேன். இதழின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருந்தது. ஆசிரியர் கூடத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அவருடைய மனைவி உள்ளறையில் தரையில் உட்கார்ந்து உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருப்பார். “சந்தா கட்டுற எல்லாரோட பின்கோடும் எனக்கு மனப்பாடம்மா” என்றார் ஒரு நாள், கோந்து ஒட்டிய விரலோடு. யார் சந்தா நின்றுபோனது, யார் வீடு மாறினார், யார் இதழ் கிடைக்கவில்லை என்று எழுதினார், எல்லாம் அவர் நோட்டில் இருந்தது. நினைவூட்டல் கார்டுகளை அவரே எழுதி, ஆசிரியர் பெயரைப் போட்டு அனுப்பினார். இதழின் பத்தாண்டு விழாவில் ஆசிரியர் ஒவ்வொரு எழுத்தாளர் பெயராகச் சொல்லி நன்றி சொன்னார். கடைசியில், “நேரங்கெட்ட நேரத்தில் வந்த நண்பர்களுக்கெல்லாம் சலிக்காமல் காப்பி போட்டுக் கொடுத்த என் துணைவியாருக்கும்” என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலுக்கு வெட்கப்பட்டுத்தான் மொரோயோவின் கதை என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் ஆட்சேபம் வரும். ‘அந்தக் காலத்தில் அறிவியல் புனைகதை பக்கம் பெண்களே வரவில்லையே, இல்லாதவர்களை எப்படி எழுதுவது?’ நியாயமான கேள்வி மாதிரி தோன்றும். எரிக் லீஃப் டேவின் என்ற ஆய்வாளர் பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார். 2006இல் வந்த அவருடைய நூலில் கிடைக்கும் எண்ணிக்கை 203. 1926க்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில் எழுதிய பெண்கள் இத்தனை பேர். இருநூறு பேர் கண்ணில் படவில்லை என்றால் குறை கண்ணில்தான் இருக்கிறது.

பெண்கள் வாசகர் கடிதம் எழுதினார்கள், சண்டையும் போட்டார்கள். 1938இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழின் கடிதப் பக்கத்தில் பதினெட்டு வயது ஐசக் அசிமோவ் கதைகளில் பெண் பாத்திரங்கள் வேண்டாம் என்ற கட்சியில் நின்றார். காதல் வந்து அறிவியலைக் கெடுக்கிறதாம். அதே பக்கத்தில் மேரி பையர்ஸ் என்ற வாசகி அவரை மடக்கினார். உளறலைக் குறைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பெண்களைக் குறைப்பது வழியில்லை, பெண்களை எழுதும் முறையை மாற்றுவதுதான் வழி என்ற கருத்தில் பதில் எழுதினார். அசிமோவ் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மேரி பையர்ஸை இந்தப் பத்தியில்தான் உங்களில் பலர் முதல் தடவை சந்திக்கிறீர்கள். விவாதத்தில் வென்றவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெண்கள் வரவில்லை என்ற பேச்சுக்கு வேறு இரண்டு சம்பவங்களையும் சொல்ல வேண்டும். 1950இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரிலிருந்து ‘குவாண்ட்ரி’ என்ற ரசிகர் இதழ் வரத் தொடங்கியது. ஆசிரியர் லீ ஹாஃப்மன். நகைச்சுவையும் நேர்த்தியும் கூடிய இதழ். கொஞ்ச நாளில் ரசிகர் உலகமே அதைப் பற்றிப் பேசியது. ‘லீ’ ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆனாலும் ஆண் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். 1951இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த உலக மாநாட்டுக்கு அவர் நேரில் வந்தபோதுதான், இவ்வளவு நாள் ‘அவன்’ என்று கொண்டாடிய ஆசிரியர் பத்தொன்பது வயதுப் பெண் என்று தெரிந்தது. அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் என்றால் ஆணாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அவர்களுடையது.

இதற்கு நேர்மாறான கதை இங்கிலாந்தில் நடந்தது. 1954இல் ‘ஃபெமிசீன்’ என்று பெண்களுக்கான ரசிகர் இதழ் தொடங்கியது. ஆசிரியர் ஜோன் டபிள்யூ. கார். பெண்கள் நம்பி எழுதினார்கள், வரைந்தார்கள், உழைத்தார்கள். 1956இல் உண்மை வெளியானது. ஜோன் கார் என்று ஒரு பெண்ணே இல்லை. சாண்டி சாண்டர்சன் என்ற ஆண் நடத்திய வேடிக்கை அது. பழைய ரசிகர்கள் இதை இன்றும் ஒரு சுவையான குறும்பாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் நடத்திய இதழைப் பார்த்து ஆண் என்றார்கள். பெண்களுக்கென்று ஓர் இதழ் வந்தபோது அதன் நாற்காலியிலும் ஓர் ஆணே வேடம் கட்டி உட்கார்ந்தார். இரண்டுக்கும் நடுவில் ‘பெண்கள் வரவில்லையே’ என்று அப்பாவியாகக் கேட்கிறார்கள்.

மொரோயோவுக்கே திரும்புகிறேன். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. நாட்டின் மேற்குக் கரையிலிருந்து ஆக்கர்மேனும் மொரோயோவும் போனார்கள். எதிர்கால மனிதர்களின் உடை என்று சொல்லி, தோளில் மேலாடை பறக்க, இருவரும் விசித்திரமாக உடுத்தி வந்தார்கள். மாநாட்டில் வேறு யாரும் அப்படி வரவில்லை. இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான இளைஞர்கள் கதாபாத்திர உடை போட்டு மாநாடுகளுக்குப் போகிறார்களே, ‘காஸ்ப்ளே’ என்கிறார்களே, அதன் தொடக்கம் அங்கேதான் என்பார்கள். அதன் தந்தை என்று ஆக்கர்மேனுக்குப் பட்டமும் உண்டு. அந்த உடைகளை வடிவமைத்துத் தைத்தவர் மொரோயோ. அவருடையதை மட்டுமல்ல, ஆக்கர்மேனுடையதையும். இதை மொரோயோ இறந்த பிறகு ஆக்கர்மேனே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். போட்டுக்கொண்டவரே தைத்தவள் அவள் என்று சொன்ன பிறகும், பட்டம் போட்டுக்கொண்டவருக்கே போய்ச் சேர்ந்தது. தையலும் தட்டச்சும் ஒரே விதிக்கு ஆளாயின. இரண்டுமே விரலால் செய்யும் வேலை, இரண்டுமே வீட்டுக்குள் நடக்கும் வேலை, இரண்டையும் பெண்ணுக்கு ‘வரும்’ என்று வைத்திருக்கிறார்கள். வருவதற்கு எதற்குப் பாராட்டு?

மொரோயோவைப் புனிதராக்கும் ஆசை எனக்கு இல்லை. ‘வாம்’ இதழ் ஆடையற்ற பெண்ணுருவங்களை வரைந்து போட்ட இதழும்தான். இன்றைய பெண்ணியக் கண்ணோடு அதைப் புரட்டும் மாணவி முகம் சுளிக்கலாம், சுளிக்கவும் வேண்டும். ஆனால் ஆசிரியர் என்ற பெயர் நன்னடத்தைக்குக் கொடுக்கும் சான்றிதழ் அல்ல. வேலை செய்தவருக்கு உரிய பெயர் அது. ஆண்களிடம் நாம் அப்பழுக்கின்மையைக் கேட்டுவிட்டா வரலாற்றில் இடம் கொடுக்கிறோம்? பெயரை முதலில் எழுதுங்கள். பிறகு விமர்சியுங்கள். பெயரே இல்லாதவளை விமர்சிக்கக்கூட முடியாது.

இன்னொரு தந்திரத்தையும் கவனிக்க வேண்டும். வரலாறு எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிப்பவர்தான் அதில் யார் இருப்பார்கள் என்றும் தீர்மானிக்கிறார். 1926இல் கெர்ன்ஸ்பேக்கிடம் தொடங்கினால், 1930இல் பால்மருக்கு வந்து, ஆண்கள் வரிசையாகக் கைகோத்து நிற்பார்கள். சாம் மாஸ்கோவிட்ஸ் 1930களின் ரசிகர் உலகத்தைப் பற்றி எழுதிய ‘தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்’ 1954இல் நூலாக வந்தது. சங்கங்களுக்குள் நடந்த கோஷ்டிச் சண்டைகளை அவ்வளவு விரிவாகச் சொல்லும் அந்த நூலில் பெண்கள் அரிதாகவே தலைகாட்டுகிறார்கள். யார் யாரைச் சங்கத்திலிருந்து விலக்கினார் என்பது வரலாறு. யார் உட்கார்ந்து பக்கங்களை அடுக்கினார் என்பது வரலாறு அல்ல.

நாம் வேறு இடத்தில் தொடங்கிப் பார்ப்போம். 1905இல் நம்முடைய சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற ஆங்கிலக் கதை வெளியானது. எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன். இதழை 1901இல் தொடங்கி நடத்தியவர் கமலா சத்தியநாதன். அந்தக் கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்; பெண் விஞ்ஞானிகள் மேகத்திலிருந்து நேராக நீர் எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், அதே வெப்பத்தால் போரையும் வெல்கிறார்கள். ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ பிறப்பதற்கு 21 ஆண்டுகள் முன்பு. அது ரசிகர் இதழ் அல்ல, பெண்கள் இதழ். இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் ஒரு பெண் எழுதி, ஒரு பெண் ஆசிரியராக இருந்து, பெண் வாசகருக்காக வந்த அறிவியல் புனைகதை நம் ஊர்ப் பத்திரிகையில் இருந்திருக்கிறது. அங்கிருந்து கதையைத் தொடங்கினால், ‘பெண்கள் எப்போது இந்தத் துறைக்கு வந்தார்கள்’ என்ற கேள்வி அடிபட்டுப்போகிறது. ‘வந்தவர்களை எப்போது வெளியே எழுதினார்கள்’ என்ற கேள்வி வருகிறது. எனக்கு இரண்டாவது கேள்விதான் வேண்டும்.

திருத்தங்கள் நடக்காமல் இல்லை. 1974இல் கனடாவின் ஹாமில்டன் நகரிலிருந்து அமண்டா பாங்கியர் ‘தி விட்ச் அண்ட் தி கமீலியன்’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். தன்னைப் பெண்ணிய இதழ் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு வந்த இதழ். ஜோனா ரஸ், வோண்டா மெக்கின்டயர் போன்றவர்கள் அதில் எழுதினார்கள். 2014இல் ‘இமேஜினேஷன்!’ இதழுக்கு ரெட்ரோ ஹ்யூகோ கிடைத்தபோது ஆக்கர்மேன், புரூஸ் யெர்க் ஆகியோரோடு மொரோயோவின் பெயரும் பட்டியலில் இருந்தது. 2020இல் ‘வாம்’ இதழுக்கும் அவர் பெயர் வந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சேர்த்ததை யாராவது பெருந்தன்மை என்று பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடையில் தவறாகப் போட்ட கணக்கைத் திருத்தினால் அதற்கு தர்மம் என்றா பெயர்? பாக்கியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதுவும் வட்டி இல்லாமல்.

மாணவிகளாகிய உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் ஏதாவது ஒரு பத்திரிகையின் வரலாற்றை ஆய்வு செய்யப் போவீர்கள். ஆசிரியர் யார் என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தட்டச்சு யார், பிழை திருத்தியவர் யார், தாள் வாங்கப் பணம் யார் கொடுத்தது, சந்தா நோட்டு யார் கையெழுத்தில் இருக்கிறது, அஞ்சலகத்துக்கு மூட்டையைத் தூக்கிப் போனவர் யார் என்று கேளுங்கள். பழைய இதழ் கையில் கிடைத்தால் தலையங்கத்துக்கு முன்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஆசிரியரைப் பேட்டி காணப் போகும்போது உள்ளறைக் கதவையும் தட்டுங்கள். கிடைக்கும் பெயரை ‘நன்றி’ பகுதியில் தள்ளிவிடாமல் வரலாற்றுக்குள் எழுதுங்கள். அவர் செய்த வேலைக்கு என்ன பெயரோ அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

இப்போது உங்களில் சிலர் ஒரு கையெழுத்துப் பத்திரிகையோ கல்லூரி இதழோ நடத்திக்கொண்டிருப்பீர்கள். அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் முன் உட்கார்ந்து, யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் இதழில் சேர்த்து அச்சிடுங்கள். எழுபத்தைந்து ஆண்டு கழித்து யாரோ வந்து திருத்துவார்கள் என்று விட்டுவைக்காதீர்கள்.

அந்தச் சிற்றிதழ் ஆசிரியரின் மனைவிக்கு ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டுக்கு மூன்று ஆண்டுகள் போய்வந்தேன். அவரை ‘அக்கா’ என்றே கூப்பிட்டேன், பெயரை ஒரு நாளும் கேட்கவில்லை. 1996இன் பட்டியலை எழுதியவர்களைத் திட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினால், நானும் அதே பட்டியலைத்தான் எழுதியிருக்கிறேன்.